இருப்பில் இருக்கும் இரண்டாம் பாகம்

கண்ணாடிக்காரர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு திருட்டுத்தான் செய்திருந்தார். அதையும் திருட்டு என்று நினைத்துச் செய்யவில்லை. பதினாலு நாள் வரைக்கும் அதற்குப் பெயர் இரவல். பதினைந்தாம் நாள் காலையில், அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அது தானாகத் திருட்டாக மாறிவிட்டது.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் ஊரே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் தொங்கும் அட்டையைப் படிக்கச் சொல்வார். மேல் வரியில் ஆனையளவு எழுத்து, கீழ் வரியில் எறும்பளவு எழுத்து. இருபத்திரண்டு வருஷமாக ஊரையே படிக்க வைத்த மனிதர், தாம் மட்டும் அந்த அட்டையைத் தாண்டி வேறெதையும் படித்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாலே பொது நூலகத்தின் ஞாபகம் வரும். அந்த ஞாபகம் வந்தால் உள்ளங்கை வேர்க்கும்.

வீட்டிலிருந்து கடைக்கு நூலகத் தெரு வழியாகப் போனால் ஏழே நிமிஷம். அவர் போனதில்லை. பின்பக்கமாக இறங்கி, இரும்புக் கிடங்கைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, இருபது நிமிஷம் நடந்து போவார். திரும்பி வருவதும் அப்படியே. மழைக்கும் அதே வழி, காய்ச்சலுக்கும் அதே வழி. கடை வைப்பதற்கு முன்னாலும் அந்தத் தெருப் பக்கம் போனதில்லை. இப்படி முப்பத்தோரு வருஷம் சுற்றியதை நீட்டி வைத்தால் பூமியில் பாதியைச் சுற்றியிருப்பார். பூமியைச் சுற்றினவர்களுக்கு ஊர் உலகம் பார்த்த சந்தோஷமாவது மிஞ்சும். இவருக்கு இரும்புத் துருதான் மிஞ்சியது.

கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே அவர் மனைவி இதைக் கவனித்துவிட்டாள். கேட்டதற்கு, "நடந்தா உடம்புக்கு நல்லது," என்றார். அவள் நம்பவில்லை. அந்தத் தெருவில் எவளோ ஒருத்தி குடியிருக்கிறாள் என்று முடிவு கட்டி, பத்தொன்பது வருஷமாக அந்த முடிவைப் பத்திரமாக வைத்திருந்தாள். சண்டை வரும்போதெல்லாம் எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைப்பாள்.

போன மாதம் பரணில் தண்ணீர்க் குழாய் ஒழுகியது. சாமான்களை இறக்கும்போது ஒரு பழைய தகரப் பெட்டியும் இறங்கியது. அதில் அவருடைய பள்ளிக்கூடச் சட்டை. சட்டைக்குள் பொட்டலமாக ஒரு புத்தகம். 'கப்பல் வராத துறைமுகம், இரண்டாம் பாகம்.' மனைவி அதை உதறினாள். ஒரு துண்டுச் சீட்டு பறந்து விழுந்தது.

"'அடுத்துக் காத்திருப்பவர்: டெலிபோன் ஆபரேட்டர், பெண். தயவுசெய்து விரைவில் திருப்பவும்,'" என்று அவள் உரக்கப் படித்தாள். "பாத்தீங்களா! பொம்பளைன்னு போட்டே இருக்கு. யாருங்க அவ?"

"யாருன்னே தெரியாது."

"தெரியாதவ எதுக்கு உங்களுக்காகக் காத்திருக்கா?"

"எனக்காக இல்ல. புத்தகத்துக்காக." கண்ணாடிக்காரர் ஒழுகும் தண்ணீருக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பதினாறு வயசுல எடுத்தேன். முதல் பாகம் படிச்சிட்டு ரெண்டாம் பாகத்துக்குப் பைத்தியமா அலைஞ்சேன். கொண்டு வந்த அன்னைக்கே அப்பா பாத்துட்டார். பரீட்சை முடியற வரைக்கும் தொடக் கூடாதுன்னு பிடுங்கி வச்சிட்டார். கைக்கு வந்தப்ப கெடு தாண்டி ஒன்பது நாள். கொடுக்கப் போனா அவமானம்னு ஒரு வாரம் தள்ளினேன். அப்புறம் ஒரு வாரம். அப்புறம் தள்ளவே வேண்டியிருக்கல, அதுவே தள்ளிட்டுப் போயிடுச்சு."

"இதுக்கா அந்தத் தெருவைச் சுத்திட்டுப் போறீங்க?"

"இதுக்குத்தான்."

மனைவியின் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது ஏமாற்றம். பத்தொன்பது வருஷம் வளர்த்த சந்தேகம் இப்படி அட்டை போட்டு, முத்திரை குத்தி வந்து விழுந்தால் யாருக்குத்தான் இருக்காது? "நாளைக்கே கொண்டு போய்க் குடுத்துத் தொலைங்க," என்றாள். "அந்தப் பொம்பளை பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் அவரைக் குத்தியது. அரசாங்கத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டது ஒரு குற்றம். அதற்கு அரசாங்கம் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஆனால் முதல் பாகத்தைப் படித்துவிட்டு ஒரு மனுஷி நடுக்கடலில் நிற்கிறாள். நிறுத்தி வைத்தது இவர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கடையைச் சாத்திவிட்டு, புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு நூலகத் தெருவில் கால் வைத்தார். தெரு ஒன்றும் செய்யவில்லை. நூலக வாசலில் இருந்த காவலாளிதான் செய்தார்.

"கையில என்ன சார்?"

"புத்தகம்."

"புத்தகம் உள்ள கொண்டு போகக் கூடாது."

"இது நூலகம்தானே?"

"அதனாலதான்."

"இது உங்க புத்தகம்ங்க. திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன். பாருங்க, முத்திரை."

காவலாளி முத்திரையைப் பார்த்தார். நல்ல மனிதர், வேலையில் நாணயம் உள்ளவர். "சார், உள்ள இருந்தா எங்க புத்தகம். வெளிய இருந்தா அது வெளிப் புத்தகம். வெளிப் புத்தகத்தை உள்ள விட்டா, நாளைக்கு எது எங்களுது எது உங்களுதுன்னு எப்படித் தெரியும்? குடுங்க, டோக்கன் தர்றேன்."

புத்தகம் குடைகளோடு போய்ச் சேர்ந்தது. கண்ணாடிக்காரர் கையில் நாற்பத்தேழு என்று எழுதிய தகர வில்லையோடு உள்ளே நுழைந்தார். அவர் வயதும் அதுதான். யாரோ கணக்குப் பார்த்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

உள்ளே போனவர் மேசைக்கு நேரே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் வந்தார். ஆனால் அந்த வாசனை இருக்கிறதே! பழைய காகிதமும் பசையும் லேசான ஈரமும் கலந்த வாசனை வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. உயரமான ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து வந்து நீள மேசையில் படுத்திருந்தது. மேலே அதே மின்விசிறி, மூன்றாவது சுற்றுக்கு ஒரு முறை முனகும் அதே விசிறி. யாரும் அவரை எதுவும் வாங்கச் சொல்லவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். ஆக்டோபஸ் என்கிற எண்காலியைப் பற்றியது. அதற்கு மூன்று இதயமாம். ஒரு இதயத்தை வைத்துக்கொண்டே இந்தப் பாடுபடுகிறோமே என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

தலையை நிமிர்த்தியபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கடையைப் பற்றி நினைக்காத இரண்டு மணி நேரம். சந்தோஷத்தில் கண் கலங்கியது. உடனே கூடவே அந்தப் பாழாய்ப்போன உறுத்தலும் வந்தது: இந்தச் சுகத்தை அனுபவிக்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா? எழுந்து மேசைக்குப் போனார்.

நூலகர் பணி ஓய்வுக்கு ஒரு வருஷம் மிச்சமுள்ளவர். ஒரு வருஷத்தையும் கண்ணாடிச் சாமான் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நடப்பவர். புத்தகப் பெயரைக் கேட்டதும் பேரேட்டைப் புரட்டினார்.

"கப்பல் வராத துறைமுகம், ரெண்டாம் பாகம். இருப்பில் இருக்கு சார்."

"இல்லீங்க. என்கிட்ட இருக்கு. வாசல்ல, குடையோட."

"இங்க இருக்குங்கறேன். பாருங்க." விரலை வைத்துக் காட்டினார். ஒரே வரிசையில் பச்சை மையில் முப்பத்தோரு குறிகள். "வருஷா வருஷம் தலைமை அலுவலகத்துல இருந்து இருப்பு அதிகாரி வந்து சரிபார்த்துக் கையெழுத்து போட்டிருக்கார். இல்லாத புத்தகத்துக்கு முப்பத்தோரு தடவை யாராவது கையெழுத்து போடுவாங்களா?"

"அப்ப நான் கொண்டு வந்தது?"

"எடுக்காத புத்தகத்தைத் திருப்ப முடியாது சார்."

கண்ணாடிக்காரர் விடவில்லை. "அப்படின்னா அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

நூலகர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவரைக் கூடத்தின் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே பூட்டிய இரண்டு கண்ணாடி அலமாரிகள். மேலே பலகை: 'அரிய நூல்கள். தொடக் கூடாது.' உள்ளே வரிசையாகப் புத்தக முதுகுகள், பொன்னெழுத்தில் பெயர்கள். நடு வரிசையில் 'கப்பல் வராத துறைமுகம், 2' என்று கம்பீரமாக நின்றது.

பார்வை சோதிப்பது கண்ணாடிக்காரருக்குத் தொழில். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி ஒரு நிமிஷம் பார்த்தார். "இது மரம்," என்றார்.

"மெதுவா பேசுங்க சார்."

"மரக்கட்டைல பெயின்ட் அடிச்சு வச்சிருக்கீங்க!"

நூலகர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவரும் பல வருஷம் காத்திருந்திருப்பார் போலும். "ஒரு புத்தகம் காணாமப் போச்சுன்னா விசாரணை சார். பதினோரு படிவம். ஒவ்வொண்ணும் நாலு பிரதி. ஏன் போச்சு, எப்படிப் போச்சு, போகும்போது நீ எங்க இருந்தே? பதவி உயர்வு போயிடும். எனக்கு முன்னாடி இருந்தவர், உங்க புத்தகம் வராதப்ப, சோதனைக்கு முந்தின நாள் பயந்து போய் ஒரு தச்சரைக் கூப்பிட்டு ஒரு கட்டை செய்யச் சொன்னார். நீங்க எடுத்த சீட்டையும் கிழிச்சுப் போட்டுட்டார். மறுநாள் அதிகாரி வந்தார், ஒரு குச்சியால முதுகை எண்ணிட்டுப் போயிட்டார். விதிப்புத்தகத்துலயே 'முதுகு எண்ணிக்கை'ன்னுதான் இருக்கு. உள்ள பக்கம் இருக்கணும்னு எங்கயும் இல்ல."

"அப்ப முதல் கட்டை…"

"உங்களுதுதான் சார். இப்ப மொத்தம் நானூத்துப் பன்னெண்டு."

கண்ணாடிக்காரர் அலமாரியைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டும் தம் பிள்ளைகள்போல் தம்மைத் திரும்பிப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

"காத்திருந்த அந்த அம்மா?" என்று கேட்டார், கேட்கப் பயந்துகொண்டே.

நூலகர் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். காத்திருப்போர் பதிவேடு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்து 'இன்னும் காத்திருக்கிறேன்' என்று புதுப்பித்துக் கையெழுத்து போட வேண்டும் என்பது விதி. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கையெழுத்து இருந்தது, எல்லாம் ஒரே கை. முதல் பக்கங்களில் கோட்டின் மேல் எறும்பு ஊர்வதுபோல் நறுக்கென்று இருந்தது. போகப் போக எழுத்து பெருத்தது. கடைசிப் பக்கங்களில் கோட்டை விட்டு இறங்கி எங்கேயோ வழுக்கிக்கொண்டு போனது. ஒரு மனுஷியின் கண் கொஞ்சம் கொஞ்சமாக அணைவதை அவர் ஒரு நோட்டில் படித்தார்.

"ஒவ்வொரு வாரமும் கேப்பாங்க. 'இருப்பில் இருக்கு, கொடுக்க இயலாது'ன்னு சொல்லுவோம். அப்படித்தான் சொல்லணும்னு சுற்றறிக்கை. அதோ, வந்துட்டாங்க."

கண்ணாடிக்காரர் திரும்பினார். வந்தவரை அவருக்குத் தெரியும். அறுபது தாண்டிய அம்மாள், அவர் கடையின் பழைய வாடிக்கைக்காரர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கண்ணாடி மாற்ற வருவார். இடது கண் போன வருஷம் போய்விட்டது. வலது கண் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போன வாரம் அவருக்குப் படித்துச் சொன்னதே இவர்தான். அன்றைக்கு அந்த அம்மாள், "பரவாயில்ல தம்பி. ஒரே ஒரு புத்தகம் பாக்கி இருக்கு. அதுக்குக் கண்ணு இருந்தாப் போதும்," என்று சொல்லிச் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். சிரித்த வாயை இப்போது எங்கே கொண்டு போய் வைப்பது?

அந்த அம்மாளிடம் பேசத் தைரியம் வரவில்லை. தூணுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வெளியே வந்து, வில்லையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். காவலாளி, "உங்க புத்தகம் பத்திரமா இருக்கு சார்," என்றார்.

புத்தகத்தை நேரே அந்த அம்மாள் கையில் கொடுத்தால் திருட்டுப் பொருளை அவர் தலையில் கட்டியதாகிவிடும் என்று, முறைப்படி திருப்ப மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் போனார். நாடு முழுக்கப் புத்தகங்களை ஆளும் அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் ஒரு புத்தகம்கூட இல்லை. இருந்தால் எண்ண வேண்டி வருமே. முதல் மாடியில், எடுப்பதற்கு ஒன்பதாம் படிவம், புதுப்பிக்கப் பதினாலாம் படிவம், திருப்புவதற்குப் படிவம் கிடையாது என்றார்கள். "திருப்புறது உங்க கடமை சார், கடமைக்கு எதுக்குப் படிவம்?" இரண்டாம் மாடியில், படிவம் இல்லாமல் எப்படி வாங்குவது என்றார்கள். அபராதமாவது போடுங்கள் என்று கெஞ்சினார். அபராதம் என்றால் தாமதம் நடந்ததாக ஆகிவிடும், தாமதம் இந்தத் துறையில் ஒழிக்கப்பட்டு ஆறு வருஷம் ஆகிறது என்றார்கள். கடைசியில் ஆறாம் மாடியில், இருப்பு அதிகாரியின் அறைக்குள் தள்ளப்பட்டார்.

இருப்பு அதிகாரி சாவதானமாக அவர் கதையைக் கேட்டார். புத்தகத்தைத் தொடவில்லை.

"உட்காருங்க. ஒரு கேள்வி. நூலகத்துக்குப் பெரிய எதிரி யாரு?"

"கரையானுங்களா?"

"கரையானுக்கு மருந்து இருக்கு. வாசகனுக்கு என்ன மருந்து? நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்ப ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து படிச்சிட்டிருந்தாங்க. அட்டை பிய்யும், பக்கம் மடங்கும். பாடுபட்டு ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தேன். திறக்குற நேரத்தைக் குறைச்சேன். நாற்காலியைக் குறைச்சேன். இன்னைக்கு எந்தக் கிளையில போய்ப் பாருங்க, அட்டை மினுங்கும். ஒரு புத்தகத்தைப் படிக்காம விட்டா அது நூறு வருஷம் இருக்கும். நாம யாருக்காக இதையெல்லாம் காப்பாத்துறோம்? வருங்காலத்துக்காக. வருங்காலத்துல வந்து படிக்கறவனையும் விட முடியாது, அவனுக்கு அடுத்து ஒரு வருங்காலம் இருக்கே!"

"நியாயம்தான். ஆனா இதை யாராவது வாங்கிக்கணுமே. நன்கொடையாவது வச்சுக்கோங்க."

"நன்கொடைன்னா அது உங்க சொந்தப் புத்தகமா இருக்கணும். இதுல எங்க முத்திரை இருக்கு. அப்படின்னா திருட்டுப் புத்தகம். ஆனா எங்ககிட்ட திருட்டே போனதில்ல. அப்படின்னா இது எங்க புத்தகம் இல்ல. எங்க புத்தகம் இல்லாததுல எங்க முத்திரை இருக்குன்னா, முத்திரை போலி." அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது இவர் கடைக் கண்ணாடி. "அரசாங்க முத்திரையைப் போலியா பண்ணினா ஏழு வருஷம் உள்ள போகணும், தெரியுமா?"

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு புத்தகத்தைத் தாமதமாகக் கொண்டு வந்தேன் என்று சொல்ல வந்தவர், அரை மணி நேரத்தில் கள்ள முத்திரைக்காரன் ஆகிவிட்டார். என்ன அதிசயம், அவர் மனது அதற்கும் தயாராக உறுத்த ஆரம்பித்துவிட்டது.

அதற்குள் அதிகாரி அவருடைய உறுப்பினர் அட்டையை வரவழைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. "என்ன சார் நீங்க! முப்பத்தோரு வருஷ உறுப்பினர். ஒரு தாமதம் இல்ல, ஒரு கிழிசல் இல்ல, ஒரு புகார் இல்ல. முப்பத்தோரு வருஷத்துல ஒரு புத்தகம்கூடக் கேட்டு எங்களைத் தொந்தரவு பண்ணல! உங்களைத்தான் சார் நாங்க தேடிட்டிருந்தோம்."

"என்னையா?"

"அடுத்த செவ்வாய்க்கிழமை உங்க கிளையில இழப்பில்லா நூலக விழா. 'களங்கமில்லா வாசகர்' விருது உங்களுக்கு. அரிய நூல் அலமாரியை அன்னைக்கு ஒரு நாள்தான் திறப்போம். நீங்க கேக்குற நூலை மேடையில என் கையால உங்களுக்கு இரவல் கொடுப்பேன். படம் பிடிச்ச உடனே மேடையிலயே திருப்பிடணும். பேரேட்டுல ரெண்டும் பதிவாகும். எந்த நூல் வேணும்?"

களங்கமில்லா வாசகர்! காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவருக்குத் திடீரென்று ஒன்று புரிந்தது. இரவல் என்று பதிவாகும். திருப்பினார் என்றும் பதிவாகும். திருப்பிவிட்டால் அது அடுத்துக் காத்திருப்பவருக்குப் போயாக வேண்டும், அதுவும் விதி. வாயை மூடி, மறுபடி திறந்து, "கப்பல் வராத துறைமுகம், ரெண்டாம் பாகம்," என்றார்.

அன்று சாயங்காலமே நூலகரிடம் போய்த் திட்டத்தைச் சொன்னார். நூலகர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு வருஷம் இருக்கு சார் எனக்கு!"

"அந்த அம்மாவோட கண்ணுக்கும் அவ்வளவுதாங்க இருக்கு."

நூலகர் பதிவேட்டின் கடைசிக் கையெழுத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முத்திரைப் பெட்டியைக் கையிலயே வச்சிருக்கேன்," என்றார்.

விழா நாள் வந்தது. கண்ணாடிக்காரர் புத்தகத்தை வயிற்றில் செருகி, மேலே பெரிய சட்டை போட்டுக்கொண்டார். நானூறு பக்கம், கெட்டி அட்டை. மனைவி இடுப்புவாரை இறுக்கிவிட்டு, "மூச்சு விடாதீங்க," என்றாள். வாசலில் காவலாளி வயிற்றைப் பார்த்தார். "விருதுன்னதும் உடம்பு பூரிச்சிடுச்சு சார்," என்று வாழ்த்தி உள்ளே விட்டார். அவருக்கு எந்த அளவு தெரியும், எந்த அளவு தெரியாது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கூடம் நிறைந்திருந்தது. எல்லாம் தலைமை அலுவலக ஊழியர்கள். வாசகர் என்று வந்தது மூன்றாவது வரிசையில் டெலிபோன் அம்மாள் ஒருவர்தான், செவ்வாய்க்கிழமை என்பதால் வந்திருந்தார். இருப்பு அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். "நம் நூல்கள் காலத்தை வென்றவை! மழையில் நனைந்தாலும் மை கலையாதவை! பக்கம் புரட்டினாலும் கிழியாதவை!" என்றார். நூலகர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனையும் உண்மை.

பிறகு கேடயம் கொடுத்தார்கள். பிறகு அதிகாரி சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, 'கப்பல் வராத துறைமுக'த்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முப்பத்தோரு வருஷத்து வார்னிஷ் பக்கத்துக் கட்டைகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி விடவில்லை. காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தார். அது வந்தது. அதோடு பக்கத்தில் இருந்ததும் வந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் வந்தது. தட்டு முழுக்கச் சரிந்து, தட்டுக்குக் கீழ்த் தட்டும் சரிந்து, வரலாறும் விஞ்ஞானமும் தத்துவமும் தடதடவென்று தரையில் உருண்டன. விறகு லாரி கவிழ்ந்தால் வருமே, அந்தச் சத்தம். தர்க்கவியல் ஒன்று உருண்டு வந்து முதல் வரிசையில் ஒருவர் கால் கட்டைவிரலில் விழுந்தது.

கூடம் மொத்தமும் காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டது.

அதிகாரி ஒரு நொடிதான் தடுமாறினார். மைக்கைப் பிடித்து, "கேட்டீர்களா! இதுதான் நம் நூல்களின் கனம்!" என்றார். தலைமை அலுவலகம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. கால்விரல் நசுங்கியவரும் தட்டினார்.

அந்தக் கைதட்டலுக்குள்தான் காரியம் நடந்தது. அதிகாரி கொடுத்த கட்டை கண்ணாடிக்காரரின் சட்டைக்குள் போனது. சட்டைக்குள் இருந்த புத்தகம், அவர் வயிற்றுச் சூட்டோடு, நூலகரின் மேசைக்கு வந்தது. டப் என்று ஒரு முத்திரை, இரவல். டப் என்று இன்னொன்று, திருப்பப்பட்டது. கைதட்டல் அடங்கியதும் நூலகர் எழுந்து நின்றார். அவர் குரல் கோடி வரைக்கும் கேட்டது.

"விதி இருபத்தேழின்படி, அடுத்துக் காத்திருப்பவர்!"

டெலிபோன் அம்மாள் எழுந்து, நாற்காலிகளைத் தடவிக்கொண்டே வந்தார். அதிகாரியின் கை தடுக்க நீண்டது. ஆனால் விதி இருபத்தேழை எழுதியதே அவர்தான். கை பாதியில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பியது. அம்மாள் புத்தகத்தை வாங்கினார், திறந்தார், ஒரு தாளை விரலால் நீவினார். கூடத்தில் யாரும் அதுவரை அந்த அலமாரிப் புத்தகம் ஒன்றில் தாளைப் பார்த்ததில்லை.

விழா முடிந்து எல்லாரும் கட்டைகளை அடுக்கிவைத்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரர் போகவில்லை. போக முடியவில்லை. சட்டைக்குள் கட்டை விலாவைக் குத்தியது. ஜன்னலோர மேசையில் டெலிபோன் அம்மாள் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதன் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இவர் எதிரில் போய் நின்றார்.

"அம்மா, அதை இத்தனை வருஷம் வச்சிருந்தது நான்தான்."

அம்மாள் நிமிர்ந்து, வலது கண்ணால் அவரை அளந்தார். "கண்ணாடிக் கடைத் தம்பியா?"

"ஆமாம்மா. மன்னிச்சுடுங்க."

"அங்க இருக்கறது கட்டைன்னு எனக்கு இருபது வருஷமாவே தெரியும். நூலகர் வேலை போயிடக் கூடாதேன்னு சும்மா இருந்தேன். எவனோ ஒருத்தன் வச்சிருக்கான், என்னைக்காவது மனசு உறுத்தும், கொண்டு வருவான்னு இருந்தேன். காத்திருந்த நேரத்துல இங்க கட்டை இல்லாததையெல்லாம் படிச்சு முடிச்சிட்டேன்." சிரித்தார். பிறகு முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "அது போகட்டும். கதை எப்படி? முடிவைச் சொல்லிடாதே. நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு."

கண்ணாடிக்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"படிக்கலைம்மா."

"என்னது?"

"திருப்பிக் கொடுக்காத புத்தகத்தைப் படிக்கறது இன்னும் பெரிய தப்புன்னு தோணுச்சு. தேதி ஒட்டின பக்கத்தைத் தாண்டி நான் போனதே இல்ல."

மேலே மின்விசிறி முனகியது. அம்மாளின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. ஆயிரத்து அறுநூறு செவ்வாய்க்கிழமைக்கு வராத கோபம் இப்போது வந்தது.

"வச்சிருந்ததுகூடப் பரவாயில்ல தம்பி. ஒருத்தன் ராத்திரி பகலா அதைப் படிச்சு அனுபவிச்சிட்டிருக்கான், அதான் குடுக்க மனசு வரலன்னுல்ல நெனச்சு நானே மனசைத் தேத்திக்கிட்டேன்! நீயும் படிக்காம, என்னையும் படிக்க விடாம… வைக்கோல்போர் நாய் மாதிரி!" புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். "உட்காரு. படி."

"ஐயோ அம்மா, உங்க முறை இது. உங்க கண்ணு…"

"நான் முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில உட்கார்ந்தவ. மந்திரியே கூப்பிட்டாலும், முன்னாடி வந்த லைனுக்குக் குடுத்துட்டுத்தான் அடுத்த லைன். எடுத்தவன் நீ. முதல் முறை உன்னோடது. நீ முடிக்காம நான் எப்படித் தொடுவேன்? பதினாலு நாள்ல முடிச்சிடணும், ஆமா. என் கண்ணு ஒரு வருஷம் தாங்கும்னு நீதானே படிச்சுச் சொன்னே?"

அதற்கு மேல் பேச இடமில்லை. கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். தேதிப் பக்கத்தைத் திருப்பினார். தாள் முறுகலாகச் சத்தம் போட்டது. அம்மாள் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரே கண்ணால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பக்கத்தில் கலங்கரை விளக்குக்காரன் திரும்பி வந்தான். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலேயே, அதே ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். பதினாறு வயது நெஞ்சு பழைய இடத்தில் ஒரு முறை துள்ளியது. மூன்றாம் பக்கத்தில் கண்ணாடிக்காரர் புன்னகை செய்தார். ஏழாம் பக்கத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, எதிரில் பார்த்து, சிரிப்பை விழுங்கினார். பதினொன்றாம் பக்கத்தில் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"கப்பல் வந்துச்சா?"

"சொல்லட்டுமா?"

"வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன்."

"சத்தம் போடாதீங்க," என்றார் காவலாளி வாசலிலிருந்து.

பத்தொன்பதாம் பக்கத்தில் கலங்கரை விளக்கில் ஒரு ராத்திரி வருகிறது. ஒன்றரைப் பக்கம்தான். அப்படி ஒரு எழுத்து. கண்ணாடிக்காரர் அதன் முடிவுக்கு வந்து மூச்சை விட்டார். வேகமாகப் படிக்க வேண்டும், எதிரில் ஒரு வருஷத்துக் கண்ணோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். விரல் தாளைத் திருப்பத்தான் போனது.

திருப்பவில்லை. தலையை நிமிர்த்தாமல், முகத்தை மாற்றாமல், அந்த ஒன்றரைப் பக்கத்தையும் மேலிருந்து இன்னொரு முறை படித்தார்.

அது அவருடைய இரண்டாவது திருட்டு.